சிங்கப்பூரில் ரயில்வே வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள் எப்படி வாழ்ந்தன?

என் தாத்தா போருக்குப் பிறகு மலாயன் ரயில்வேயில் சேர்ந்தவர், தண்டவாளம் பராமரிக்கும் கேங்கில். டிரைவர், கார்டு வீட்டுக் கதை வேறு மாதிரி இருக்கும், எனக்குத் தெரிந்தது கேங்காரர் குடும்பம்தான்.

ஊர் சிங்கப்பூர், ஆனால் நிலம் ரயில்வேயுடையது. 1918ஆம் ஆண்டுச் சட்டப்படி 999 வருடக் குத்தகை. 1965இல் நாடு பிரிந்த பிறகும் தண்டவாளம், ஸ்டேஷன், குவாட்டர்ஸ் எல்லாம் மலேசிய ரயில்வே கையிலேயே இருந்தன. குடியிருப்பது இங்கே, முதலாளி அங்கே. வேலை போனால் வீடும் போகும் என்ற பயம் வீட்டில் ஓயவே இல்லை. சாமி படம் மாட்டக்கூட பாட்டி சுவரில் ஆணி அடிக்க விட மாட்டாராம்.

பெரிய மழை பெய்த மறுநாள் வேலை அதிகம். தாத்தா தண்டவாளத்தை ஒட்டிக் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்ப்பார். எந்த இடம் லேசாக இறங்கியிருக்கிறது என்று அப்படியே தெரிந்துவிடும். அவர் கை காட்டியதும் மற்றவர்கள் அந்த இடத்துக் குறுக்குக் கட்டைக்கு அடியில் ஜல்லியை இடித்துத் திணிப்பார்கள், மறுபடி குனிந்து பார்ப்பார், அவருக்குத் திருப்தி வரும்வரை இது நடக்கும். போக வர ஒரே தடம்தான். புக்கிட் தீமா ஸ்டேஷனில் டோக்கன், அதாவது வழி விடுவதற்கான அடையாளம், கைமாறினால்தான் ரயில் அடுத்த பகுதிக்குள் போகலாம், அந்த முறை 2011 வரை இருந்தது.

ராத்திரியில் மண் சரிந்தது என்று யாராவது கதவைத் தட்டினால் முதலில் எழுவது பாட்டிதான். அரிக்கேன் விளக்கை ஏற்றி, மிச்சச் சோற்றைக் கட்டிக் கொடுத்து, தாத்தா திரும்பும்வரை உட்கார்ந்திருப்பார். குடும்ப வரலாறு எழுதுகிறவர்கள் இந்தப் பெண்களை விட்டுவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. லைன் ஓரத்தில் கீரை போட்டு, ஆடு வளர்த்து, நான்கு பிள்ளைகளைப் படிக்கவைத்தது அவர்தான்.

நல்லது கெட்டது எல்லாம் முனீஸ்வரர் முன்னால்தான். குவீன்ஸ்வே பக்கம் 1932இல் ரயில்வே தொழிலாளர்கள் வைத்துக் கும்பிட ஆரம்பித்த கோயில் அது, இப்போது காமன்வெல்த் டிரைவில் இருக்கிறது.

ஓய்வு பெற்றதும் குவாட்டர்ஸைக் காலி செய்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அரசு வீட்டுக்குப் போனார்கள். தஞ்சோங் பகார் ஸ்டேஷனிலிருந்து கடைசி ரயில் 2011 ஜூன் 30 அன்று கிளம்பியது, ஜொகூர் சுல்தானே ஓட்டிப் போனார். அதைப் பார்க்கத் தாத்தா இல்லை.

அப்புறம் பிரஜாவுரிமை. அப்பா சிங்கப்பூர்க் குடிமகன், ரயில்வேயிலேயே வேலைக்குச் சேர்ந்த பெரியப்பா மலேசியக் குடிமகன். ஒரே வீட்டில் பிறந்தவர்கள், கல்யாணம் கருமாதி என்றால் கடப்பிதழ் எடுத்துக்கொண்டு ஜொகூர் பாலம் தாண்ட வேண்டும். உங்கள் வீட்டுக் கதையைத் தேடுகிறீர்கள் என்றால் அந்தப் பக்கத்துச் சொந்தங்களிடமும் கேளுங்கள். எங்கள் தாத்தாவின் வேலைப் பத்திரங்கள் மலேசியாவில் குளுவாங்கில், பெரியப்பா வீட்டு அலமாரியில்தான் கிடைத்தன.