முதல் நவம்பரில் ஆணி அடிக்காதீர்கள்

கேள்வி: "அண்ணை, நானும் மச்சானும் சேர்ந்து பான்க்ரொஃப்ற் பக்கம் 42 ஏக்கர் காட்டுக்காணி வாங்கியிருக்கிறம். ஹைட்ரோ (மின்சாரம்) இல்லை, கிணறு இல்லை, கடைசி ஒரு கிலோமீற்றர் மண்பாதை. 12க்கு 16 அடியில ஒரு சின்னக் கபினை இந்தக் கோடைக்குள்ள அடிச்சுப்போட்டு, நவம்பர் மான் சீசனுக்கு அங்க தங்க நினைக்கிறம். சொந்தக் காணிதானே, பேமிட் வேணுமோ? சொந்தக் காணியில சுடவும் லைசன்ஸ் வேணுமோ? அப்பா வன்னியில இடியன் துவக்கோட காட்டுக்குப் போனவர். இப்ப 74 வயசு. அவரையும் கூட்டிக்கொண்டு போக ஆசை." கனடா, ஒன்ராறியோ மாகாணத்தின் மார்க்கம் நகரிலிருந்து ஒரு வாசகர்.

தம்பி, இரண்டுக்கும் பதில் ஆம். பேமிட்டும் வேண்டும், லைசன்சும் வேண்டும். நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன்: இந்த நவம்பருக்குள் கபின் கட்டாதீர்கள். பேமிட்டுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்தக் காணியை ஒரு இலையுதிர்காலமும் ஒரு பனிகாலமும் பார்க்காமல் கபினை எங்கே வைப்பது என்று உங்களால் முடிவெடுக்க முடியாது. பிழையான இடத்தில் வைத்த கபினைப் பிறகு தூக்கி மாற்றவும் முடியாது.

முதலில் பாதை. அந்த மண்பாதை யாருடையது? நகரசபை பராமரிக்கும் பாதையா, கோடையில் மட்டும் பராமரிக்கும் பாதையா, வரைபடத்தில் மட்டும் இருக்கும் திறக்கப்படாத பாதை ஒதுக்கீடா, பக்கத்துக் காணிக்காரரின் நிலமா? பக்கத்துக் காணி என்றால் உங்களுக்குள்ள வழியுரிமை காணி உறுதியில் பதிந்திருக்க வேண்டும். வாய்ச்சொல் அவர் காணியை விற்கும் நாள்வரைக்கும்தான். உறுதியைக் கையில் எடுத்ததும் நிலத்தடி உரிமையையும் பாருங்கள். பான்க்ரொஃப்ற் கனிமத்துக்குப் பேர்போன ஊர், 1950களில் யுரேனியம் தோண்டிய இடம். மேல்நிலம் ஒருவரிடமும் சுரங்க உரிமை வேறொருவரிடமும் இருப்பது அந்தப் பக்கத்தில் புதினமல்ல.

அடுத்தது பேமிட். ஒன்ராறியோவில் 10 சதுர மீற்றருக்கு மேற்பட்ட கட்டடத்துக்கு அனுமதி தேவை. அது ஏறக்குறைய 107 சதுர அடி. உங்களுடையது 192. "15 சதுர மீற்றர் வரைக்கும் பரவாயில்லை" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். 2022இல் வந்த அந்தத் தளர்வு, ஏற்கெனவே உள்ள கட்டடத்தோடு சேர்ந்த சாமான் கொட்டிலுக்கு. கட்டில் போட்டுப் படுக்கும் இடத்துக்கு அது பொருந்தாது. 107 சதுர அடிக்குள் தண்ணீர்க் குழாய் இல்லாமல் கட்டினாலும் வலய விதி உங்களை விடாது. எல்லையிலிருந்து எவ்வளவு தூரம், சதுப்பிலிருந்து எவ்வளவு தூரம், வீடில்லாத காணியில் தனிக் கொட்டில் நிற்கலாமா என்பதையெல்லாம் அதுதான் சொல்லும். ஆனால் பல கிராமப்புற நகரசபைகளின் வலய விதியில் 'வேட்டை முகாம்' என்றே ஒரு வகை இருக்கிறது. வீட்டுக்கு இருக்கும் எல்லா நிபந்தனையும் அதற்கு இராது. காணியின் வரி எண்ணைச் சொல்லிக் கட்டடப் பகுதியை அழைத்து, இந்தச் சொல்லைச் சொல்லியே கேளுங்கள்.

"காட்டுக்குள்ள ஆர் வந்து பார்க்கிறது" என்பவர்கள் உங்களைச் சுற்றி இருப்பார்கள். பேமிட் இல்லாத கபினுக்குக் காப்புறுதி எடுப்பது கடினம். விறகடுப்புள்ள கபினைக் காப்புறுதி இல்லாமல் விட்டுவிட்டு மார்க்கத்தில் உங்களுக்கு நித்திரை வராது.

இனி துவக்கு. இங்கே இரண்டு தனித்தனிக் கதவுகள். ஒன்று சமஷ்டி அரசின் துவக்கு லைசன்ஸ்: பாதுகாப்புப் பாடநெறி, எழுத்தும் செய்முறையுமான சோதனை, பிறகு விண்ணப்பம். முதல் முறை விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு சட்டத்திலேயே உண்டு, நடைமுறையில் அதைவிட நீளும். மற்றது மாகாணத்தின் வேட்டைக் கல்விப் பாடநெறியும் சோதனையும். அதற்குப் பிறகுதான் வெளிக்களத்துக்குரிய அட்டையும் (Outdoors Card) மான் லைசன்சும். சொந்தக் காணி என்பதால் இதில் எதுவும் குறையாது. காணி உங்களுடையது, மான் உங்களுடையதல்ல.

மான் லைசன்ஸோடு வருவது கொம்புள்ள கிடாய்க்கான ராக், அதாவது ஒரு மானுக்கான அனுமதிச் சீட்டு. கொம்பில்லாததைச் சுடுவதற்குக் குலுக்கலில் தனி ராக் கிடைக்க வேண்டும். பருவத் திகதி ஒவ்வொரு வேட்டை அலகுக்கும் (மாகாணம் பிரித்துவைத்த வேட்டைப் பகுதி) வேறுபடும். உங்கள் பக்கத்தில் துவக்குப் பருவம் நவம்பர் தொடக்கத்தில் வரும் குறுகிய காலம். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்வரைதான் நேரம். மற்ற நேரத்தில் துவக்கு வெறுமையாக்கப்பட்டு உறைக்குள் இருக்க வேண்டும். அந்தப் பருவத்தில் வேட்டைக்காரருடைய இடுப்புக்கு மேலே எல்லாப் பக்கமும் தெரியும்படி 400 சதுர அங்குலம் செம்மஞ்சள், தலையிலும் செம்மஞ்சள். இலைப்புள்ளி போட்ட செம்மஞ்சள் கணக்கில் வராது. ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: பிரெஞ்சு ஆறு, மற்றாவா ஆறு ஆகியவற்றுக்குத் தெற்கே ஞாயிறு துவக்கு வேட்டையை நகரசபை ஏற்றிருந்தால்தான் செய்யலாம். பான்க்ரொஃப்ற் அந்தக் கோட்டுக்குத் தெற்கே. வார இறுதியில் மட்டும் வரக்கூடிய உங்களுக்கு இது பாதி வேட்டை, ஆகவே முதலிலேயே கேட்டுவையுங்கள்.

இப்போது எனக்கு மிகக் கவலை தரும் விசயத்துக்கு வருகிறேன். 42 ஏக்கர் என்பது காதுக்குப் பெரிது. சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 400 மீற்றர் சொச்சம்தான். மான் ரைபிளின் ரவை தடை இல்லாவிட்டால் சில கிலோமீற்றர் போகும். அதாவது காணியின் நடுவில் நின்று எந்தப் பக்கம் சமமட்டமாகச் சுட்டாலும், தவறிய ரவை இன்னொருவர் காணிக்குள் போய் விழும். வன்னிக் காட்டில் அப்பாவின் இடியன் துவக்கு அடர்ந்த பற்றைக்குள் கிட்டத்தில் வைத்துச் சுட்டது. அந்தத் தூரக் கணக்கை இங்கே கொண்டுவர முடியாது. சிறு காணியில் மரத்தில் கட்டிய பரண்தான் சரி. மேலிருந்து கீழ்நோக்கிச் சுடும்போது தவறியது மண்ணுக்குள் இறங்கும். நிலத்தை விட்டு ஏறுவதிலிருந்து திரும்பி இறங்கும்வரை முழு உடல் பாதுகாப்பு வார் போட்டு மரத்தோடு கொளுவியிருங்கள், துவக்கை வெறுமையாக்கிக் கயிற்றில் கட்டி மேலே இழுங்கள். காயப்பட்ட மான் எல்லை தாண்டினால் பக்கத்துக்காரரின் அனுமதி இல்லாமல் பின்தொடரக்கூடாது. பருவம் தொடங்குவதற்கு முன்பே அவரிடம் போய் முகம் காட்டிப் பேசிவிடுங்கள்.

இதனால்தான் முதல் நவம்பரைக் கட்டாமல் கழிக்கச் சொல்கிறேன். அந்தப் பருவத்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலும் வடமேற்கிலும் இருந்து வரும். கபின் காணியின் மேற்கே இருந்தால் உங்கள் அடுப்புப் புகையும் பொரியல் வாசமும் வேட்டைப் பக்கம் முழுவதும் பரவும், மான் உங்களைக் காணாமலே விலகிவிடும். ஆகவே கபின் கிழக்கே, பாதைக்குக் கிட்ட. மான் படுப்பது ஹெம்லொக், சீடர் மரங்கள் நிற்கும் அடர்ந்த இடத்தில். அதைக் கபினுக்காக வெட்டினால் காணி வாங்கியதன் பாதிப் பயன் போய்விடும். ஏப்ரலில் பனி உருகும்போது ஒரு தடவை போங்கள். ஓகஸ்டில் காய்ந்த மேடாகத் தெரிந்த இடத்தில் கணுக்கால் தண்ணீர் நிற்பதைக் காண்பீர்கள்.

இடம் தெரிந்த பிறகு கட்டுங்கள். எங்கள் ஊர்க் கொட்டில் மழையை வழியவிடவும் காற்றை உள்ளே விடவும் கட்டியது. இங்கே பனி கூரையில் மாதக்கணக்கில் குந்தியிருக்கும், நிலம் உறைந்து அத்திவாரத்தையே மேலே தள்ளும். தெற்கு ஒன்ராறியோவில் உறைமட்டம் ஏறக்குறைய 4 அடி, உங்கள் பக்கத்தில் அதைவிட ஆழமாகவும் இருக்கலாம். தூண் அதற்குக் கீழே இறங்கி, அடியில் அகன்ற பாதத்தோடு நிற்க வேண்டும். கொங்கிறீற் கட்டையை நிலத்தின்மேல் வைத்துக் கட்டிய கபின்களில் மார்ச் மாதம் கதவு திறபடாமல் நின்றதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்கள் பக்கத்தில் கொஞ்சம் தோண்டியவுடனேயே பாறை தட்டக்கூடும். அது அதிர்ஷ்டம். பாறையில் துளைத்துக் கம்பி இறக்கித் தூணை அதிலேயே நிறுத்தலாம். கைமரமும் பலகையும் தர முத்திரை உள்ளதாக வாங்குங்கள். உள்ளூர் ஆலையில் அறுத்த முத்திரையில்லாப் பலகை மலிவு, ஆனால் இன்ஸ்பெக்டரைக் கேட்காமல் வாங்கி இறக்காதீர்கள். கூரை நல்ல சரிவோடு, மேலே தகரம். வாசலைப் பனி சரிந்து விழாத முகப்புப் பக்கம் வையுங்கள்.

காசை எங்கே மிச்சம்பிடித்தாலும் அடுப்பில் பிடிக்காதீர்கள். சான்று முத்திரையுள்ள சின்ன அடுப்பு, தொழிற்சாலையில் செய்த காப்பிட்ட புகைபோக்கி. சுவருக்கு எவ்வளவு இடைவெளி என்று அடுப்பின் தகட்டிலேயே எழுதியிருக்கும், அதை அப்படியே கடைப்பிடியுங்கள். புகைபோக்கி கூரையை விட்டு வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயர வேண்டும், 10 அடிக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி மேலே நிற்க வேண்டும். பச்சை விறகு எரித்தால் தார் படிந்து புகைபோக்கியே தீப்பிடிக்கும். மேப்பிள் விறகைப் பிளந்து அடுக்கி ஒரு வருடமாவது காயவிடுங்கள். அப்படியென்றால் கட்டும் வருடத்துக்கு முதல் வருடமே பிளக்க வேண்டும், இந்தக் கோடைக்கு அது நல்ல வேலை. மார்க்கத்திலிருந்து விறகு ஏற்றிப் போகவேண்டாம், மரத்தைத் தின்னும் பூச்சி அதோடு போகும். கார்பன் மொனொக்சைட் அலாரம் முதல் இரவே சுவரில் இருக்க வேண்டும்.

ஹைட்ரோவுக்குச் சூரியத் தகடு போதும், கணக்கோடு போட்டால். 12 வோல்ற் 100 அம்பியர்-மணி லிதியம் பற்றரியில் ஏறக்குறைய 1,200 வாற்-மணி இருக்கும். நாலு எல்.ஈ.டி. விளக்கு, இரண்டு போன், ஒரு சின்னத் தண்ணீர்ப் பம்புக்கு இரண்டு மூன்று நாள் தாங்கும். சூடாக்கும் எதையும் அதில் கொளுவாதீர்கள். உறைநிலைக்குக் கீழே லிதியத்தை மின்னேற்றினால் கெட்டுவிடும். ஆகவே குளிரில் தானாக மின்னேற்றத்தை நிறுத்தும் பற்றரியாகப் பார்த்து வாங்குங்கள். தகட்டைச் செங்குத்தாகச் சாய்த்து வையுங்கள். நவம்பர் சூரியன் தாழ்வு, பனியும் வழுக்கி விழும்.

குழிக் கழிவறைக்கு இடம் பார்க்கும்போது அளவுநாடா கொண்டுபோங்கள். குளம், ஓடையிலிருந்து 15 மீற்றர். உறையிட்ட ஆழ்துளைக் கிணற்றிலிருந்து 15, சாதாரணக் கிணறு அல்லது குடிநீர் ஊற்றிலிருந்து 30. எல்லையிலிருந்து 3. குழியின் அடி, நிலத்தடி நீரின் உச்ச மட்டத்துக்கு மேலே 90 சென்ரிமீற்றராவது இருக்க வேண்டும். முதல் வருடங்களில் குடிதண்ணீரை வீட்டிலிருந்து கொண்டுபோவதே நல்லது. ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கொதிக்கவைத்தே குடியுங்கள்.

அப்பாவைப் பற்றி. துவக்கைத் தொடாமல், மானைத் தேடாமல், அடுப்படியில் இருப்பதற்கு அவருக்கு லைசன்ஸ் தேவையில்லை. ஆனால் பருவகாலத்தில் உங்களோடு சேர்ந்து மானைத் தேடிப் போனால் சட்டத்தில் அதுவும் வேட்டைதான். ஆகவே அவரை நவம்பருக்குக் காத்திருக்க வைக்காமல் ஏப்ரலில் கூட்டிப்போங்கள். உயரமான சப்பாத்து போட்டு, காற்சட்டையைக் காலுறைக்குள் செருகி, திரும்பியதும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். உருகும் பனியில் குளம்படியும், பட்டை உரிந்த மரமும், படுத்த பள்ளமும் துலக்கமாகத் தெரியும். வன்னியில் மரையின் தடம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த ஊர் மானின் பாதை பிடிபட அதிக நேரம் எடுக்காது. அவர் காட்டும் இடங்களை வரைபடத்தில் குறித்துக்கொண்டு வாருங்கள். கபினை அந்தக் கோடுகளுக்கு வெளியே வைப்போம்.