வாசித்து முடித்தபின் கேட்டால் கேள்வி வராது

ஐயா, வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் பக்கம் ஒரு கடலோர ஊரில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் எடுக்கிறேன். பிழையில்லாமல் வாசிக்கிறார்கள். முடித்ததும் "டவுட்டு இருக்கா?" என்றால் "இல்ல டீச்சர்" என்று ஒரே குரல். வற்புறுத்தினால் பாடத்தின் பின்னால் இருக்கும் வினாவையே திருப்பிக் கேட்கிறார்கள். என்ன செய்வது?
— ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

கோளாறு "முடித்ததும்" என்பதில் இருக்கிறது. கடைசி வரி வந்துவிட்டால் பிள்ளையின் மனசு வாசலுக்குப் போய்விடும். சந்தேகம் முளைப்பது நடுவில்தான்.

பத்து வரிப் பத்தி போதும். நீங்களே எழுதிக்கொள்ளலாம்: "ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது." இங்கே நிறுத்துங்கள். உடனே அவர்களைக் கேட்காமல் உங்கள் சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள்: "விசைப்படகுன்னுதானே போட்டிருக்கு, அப்ப வல்லம் மாதிரி நாட்டுப்படகு போகலாமா?" படிக்கும்போது டீச்சருக்கே இடறும் என்பதைப் பல பிள்ளைகள் பார்த்ததேயில்லை. முதல் இரண்டு மூன்று நாள் நீங்கள் மட்டும் இப்படிச் செய்தால் போதும்.

பிறகு அவர்கள் கையில் பென்சில். இடறும் இடத்தில் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி, அவ்வளவுதான். கேள்வியை எழுதச் சொன்னால் எழுத்துப்பிழை பயத்தில் சின்னக் கேள்வியாகப் பார்த்துப் போடுவார்கள். குறி போட்டதைப் பக்கத்துப் பிள்ளையிடம் முதலில் சொல்லட்டும், அப்புறம் வகுப்புக்கு. ஒரு பத்தியில் இரண்டு நிறுத்தம், மிஞ்சினால் மூன்று. வரிக்கு வரி நிறுத்தினால் வாசிப்பே செத்துவிடும்.

"ஏன் 61? அறுபதுன்னு வச்சா என்ன?" என்று ஒரு பிள்ளை கேட்கும். பதில் சொல்லிவிடாதீர்கள், விரல்விட்டு எண்ணட்டும்: ஏப்ரலில் 16, மே மாதம் 31, ஜூனில் 14. எண் தானாக வந்தது என்று தெரிந்ததும் கேள்வி நகரும்: அந்த இரண்டு தேதி மட்டும் ஏன்? மீன் இனப்பெருக்கக் காலம் என்று அடுத்த வரியிலேயே நீங்கள் எழுதியிருந்தால் அவர்களே கண்டுபிடிப்பார்கள். முன்பு 45 நாள்தான், 2017-இல்தான் 61 ஆனது. அது பத்தியில் கிடைக்காது, வீட்டில் தாத்தாவிடம் கேட்டு வர வேண்டும். இந்த மாதிரிக் கேள்விகளை ஒரு சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

ஒரு கேள்வியை மட்டும் "சூப்பர்" என்று புகழ்ந்தால் மற்றவர்கள் உங்களுக்குப் பிடித்ததைக் கேட்கத் தொடங்குவார்கள். "ஏன் போவப்படாது?" என்று கேட்டால் அந்தப் பேச்சைத் திருத்த வேண்டாம். எழுத்துக்கூட்டும் பிள்ளைக்குக் கவனமெல்லாம் எழுத்திலேயே போய்விடும். அதற்கு முதலில் நீங்கள் ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டுப் பென்சிலைக் கொடுங்கள்.

வாரத்தில் இரண்டு நாள், இருபது நிமிஷம் இதற்கு. மற்ற நாளில் சும்மா வாசிக்கட்டும், நிறுத்தாதீர்கள்.