வெயில், வெந்நீர், இதயம்: கேள்வி பதில்

சாவகச்சேரியிலிருந்து: சும்மா கதிரையில் இருந்தாலே சித்திரை வெயிலுக்கு நெஞ்சு படபடக்குது. ஒரு வேலையும் செய்யாமல் ஏன் இப்படி?

நீங்கள் இருந்தாலும் இதயம் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. உடம்பின் உட்சூடு 37 பாகை செல்சியஸை ஒட்டி நிற்க வேண்டும். அது ஏறத் தொடங்கியதும் தோலுக்குக் கீழே உள்ள குழாய்கள் விரிந்து, இரத்தத்தை வெளிப்பக்கம் இழுத்துச் சூட்டை வெளியே விடும். ஆறுதலாக இருக்கும் நேரத்தில் தோலுக்கு நிமிடத்துக்கு அரை லீற்றர் அளவில்தான் இரத்தம் போகும். கடும் சூட்டில் அது 6 முதல் 8 லீற்றர் வரை ஏறலாம். சாதாரணமாக இதயம் முழு உடம்புக்கும் தள்ளுவதே 5 லீற்றர் அளவுதான். குழாய்கள் விரிந்தால் பிறசர் இறங்கப் பார்க்கும். அதை விழவிடாமல் பிடிக்கத்தான் இதயம் விரைந்து அடிக்கிறது.

நம்முடைய யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்னொரு சிக்கல் கடற்காற்றின் ஈரம். தோலில் காய்கிற வியர்வைதான் சூட்டைக் கொண்டு போகும். சொட்டி விழுகிற வியர்வையால் உடம்பு குளிராது, நீர் மட்டும் குறையும். நீர் குறைந்தால் இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தமும் குறையும், அடி இன்னும் கூடும். ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துவிட்டு விசிறிக்கு முன்னால் இருங்கள். அரை மணி நேரத்தில் படபடப்பு அடங்காவிட்டாலோ, நெஞ்சு நோவோ மூச்சுத் திணறலோ சேர்ந்து வந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நல்லூரிலிருந்து: அப்பாவுக்கு 72 வயது. பிறசர் குளிசையும் சலம் போகிற குளிசையும் எடுக்கிறார். கோடை தொடங்கினதும் பிறசர் 100க்கு 60 காட்டுது. குளிசையை நிற்பாட்டலாமோ?

நீங்களாக நிற்பாட்ட வேண்டாம். ஆனால் அடுத்த கிளினிக் நாள் வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். வெயில் காலத்தில் குழாய்கள் விரிந்திருப்பதால் அதே அளவு மருந்து கூடுதலாக வேலை செய்யும். சலம் போகிற குளிசை நீரைக் குறைக்கும். எனலாப்ரில், லோசார்ட்டன் போன்றவை குழாயை விரிக்கும். அத்தெனோலோல், பிசோப்ரோலோல் போன்றவை இதயம் விரைந்து அடிப்பதையே தடுக்கும். மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தால், படுக்கையிலிருந்து எழும்பும்போது தலை சுற்றி விழுவார். வயதான ஆட்களுக்கு இடுப்பெலும்பு முறிவது பல தடவை இப்படித்தான்.

செய்ய வேண்டியது இது. காலையும் பின்னேரமும், 5 நிமிடம் ஆறுதலாக இருந்த பிறகு ஒரு தடவையும், எழும்பி நின்று ஒரு நிமிடத்தில் இன்னொரு தடவையும் அளந்து கிளினிக் கொப்பியில் எழுதுங்கள். நின்றதும் மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அந்தக் கொப்பியோடு உடனே டொக்டரைப் பாருங்கள். சாப்பிட முதல் காலையில் நிறையும் எடுங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ குறைந்தால் நீர் வற்றுகிறது. 2 கிலோ கூடினால் நீர் கட்டுகிறது, அதற்கும் டொக்டரிடம் போக வேண்டும்.

தெல்லிப்பழையிலிருந்து: வெந்நீர்க் குளிப்பும் சோனாவும் (சூடாக்கிய அறையில் இருந்து வியர்ப்பது) இதயத்துக்கு நல்லது என்று வாசித்தேன். அப்படியென்றால் வெயிலும் நல்லதுதானே?

பின்லாந்தின் குவோப்பியோ பகுதியில் 2,315 நடுவயது ஆண்களைச் சுமார் 20 ஆண்டுகள் கவனித்து, 2015இல் முடிவு வெளியிட்டார்கள். வாரத்தில் 4 முதல் 7 தடவை சோனா எடுத்தவர்களிடம், ஒரு தடவை எடுத்தவர்களைவிடத் திடீர் இதயச் சாவு குறைவாக இருந்தது. சோனாதான் அதற்குக் காரணம் என்று அந்த ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. அடிக்கடி சோனா எடுக்கக்கூடியவர்கள் முதலிலேயே சுகதேகிகளாக இருந்திருக்கலாம். ஆனாலும் குழாய்கள் விரிந்து சுருங்கிப் பழகுவது நன்மை என்பதில் எனக்கு நம்பிக்கை உண்டு.

வெயில் அப்படியல்ல. சோனா கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், பிறகு உடம்பு ஆறும். நம்முடைய ஏப்ரல், மே மாதங்களில் இரவிலும் சூடு இறங்காது, இதயத்துக்கு ஓய்வே கிடைப்பதில்லை. வெந்நீரில் குளிப்பதென்றால் 40 பாகைக்கு மேல் வேண்டாம், 10 நிமிடம் போதும். முதலும் பிறகும் ஒரு கிளாஸ் தண்ணீர். சாப்பிட்ட உடனேயும், குடித்துவிட்டும் கூடாது. முடிந்ததும் கிணற்றுத் தண்ணீரை வாளியோடு தலையில் ஊற்றாதீர்கள். குழாய்கள் திடீரென்று சுருங்கிப் பிறசர் ஒரேயடியாக ஏறும்.

பருத்தித்துறையிலிருந்து: அம்மாவுக்குச் சலரோகம், கால் விறைப்பு. இரத்தோட்டம் கூட வெந்நீர் ஒத்தணம் பிடிக்கலாமோ?

வேண்டாம். விறைத்த காலுக்குச் சூடு தெரியாது, தோல் வெந்த பிறகுதான் நீங்கள் காண்பீர்கள். நடந்தால் கெண்டைக்கால் நோவு வந்து, நின்றால் போகிறதென்றால் குழாய் அடைத்திருக்கக்கூடும். அப்படியான காலைச் சூடாக்கினால் தசைக்கு இரத்தத் தேவை மட்டும் கூடும், வரத்துக் கூடாது. டொக்டர் பாதத்து நாடியைப் பார்க்கட்டும்.

கனடா ஸ்காபரோவிலிருந்து: பைபாஸ் செய்தவன். நல்லூர்த் தேருக்கு வருகிறேன். என்ன கவனம்?

தேருக்கு இரண்டு கிழமை முதலே வந்துவிடுங்கள். உடம்பு சூட்டுக்குப் பழகி, இரத்த நீர் கூடி, இதயத் துடிப்பு இறங்க ஒன்று முதல் இரண்டு கிழமை எடுக்கும். முதல் நாட்களில் காலை, மாலைப் பூசைகளுக்கு மட்டும் போங்கள். வெறும் வயிற்றில் விரதமிருந்து வெயிலில் பிரதட்டை செய்வதைத் தவிருங்கள். நாக்குக்குக் கீழே வைக்கும் குளிசை தேவைப்பட்டால், நிழலில் இருந்துகொண்டே வையுங்கள். நின்றபடி வைத்தால் மயங்கி விழலாம்.

சுன்னாகத்திலிருந்து: தோட்டத்தில் வெங்காயம் கிண்டும்போது ஒருவர் பிசத்தத் தொடங்கினால்?

வெயிலில் வேலை செய்தவரின் பேச்சு மாறினால் உட்சூடு 40 பாகையைத் தாண்டியிருக்கலாம் என்றே எடுக்க வேண்டும். ஒருவர் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைக்கட்டும். மற்றவர்கள் நிழலுக்குத் தூக்கி, உடுப்பைத் தளர்த்தி, இறைக்கிற மெசினின் தண்ணீரை உடம்பு முழுதும் விட்டுக்கொண்டே விசிறுங்கள். ஐஸ் இருந்தால் கழுத்து, கமக்கட்டு, கவட்டுப் பக்கம். பனடோல் இந்தச் சூட்டை இறக்காது. நினைவு தெளியாதவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போகும். அம்புலன்ஸ் வரும் வரைக்கும் தண்ணீர் விடுவதை நிற்பாட்ட வேண்டாம்.

கொடிகாமத்திலிருந்து: இளநீர் எவ்வளவும் குடிக்கலாமோ?

சிறுநீரகம் நல்லாக இருந்தால் நாளுக்கு ஒன்றிரண்டு. எனலாப்ரில், லோசார்ட்டன், ஸ்பைரோனோலக்டோன் எடுப்பவர்களும் சிறுநீரக நோயாளரும் டொக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. இளநீரில் பொட்டாசியம் கூட, அது இரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே குழம்பும். ஜீவனியில் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள் பக்கெற்) உப்பு இருப்பதால், இதயம் பலவீனமாகி நீர் கட்டுகிறவர்களும் கேட்டுத்தான் குடிக்க வேண்டும். மற்றவர்கள் ஒரு பக்கெற்றை முழு ஒரு லீற்றர் தண்ணீரில் கரையுங்கள், அரை லீற்றரில் கரைத்தால் உப்பு இரட்டிப்பாகும்.