பினாங்கில் தைக் கல்யாணம்: உறவினர்களின் கேள்விகளும் என் பதில்களும்

கல்யாணமாகி மலேசியாவின் பினாங்குக்கு வந்து குடியேறியவள் நான். தை பிறந்தால் போதும், இங்கே கல்யாணத்துக்கு வரவிருக்கும் தமிழ்நாட்டு உறவினர்களும் அவர்களுக்குத் தெரிந்த என் வாசகர்களும் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

மதுரை வாசகர்: விசா எடுக்க வேண்டுமா அக்கா?

வேண்டாம் தம்பி. இந்தியக் கடவுச்சீட்டுக்கு 30 நாள் வரை விசா விலக்கு. 2026 டிசம்பர் 31 வரை அறிவித்திருக்கிறார்கள். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் மின் வருகை அட்டையை நிரப்ப வேண்டும், குழந்தைகளுக்கும் சேர்த்து. அது இலவசம். பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல, மூடிவிடுங்கள்.

காரைக்குடி வாசகி: நகை நிறையப் போட்டு வருகிறோம். திரும்பும்போது சிக்கல் வருமா?

வரும் வழியில் அல்ல, ஊர் திரும்பும்போதுதான் வரும். கழுத்தில் இருப்பது வெளிநாட்டில் வாங்கியது அல்ல என்று சென்னைச் சுங்கத்தில் நிரூபிக்க வேண்டியது நீங்கள். அதனால் புறப்படும் அன்றே விமான நிலையச் சுங்க அதிகாரிகளிடம் நகைகளைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். எடை போட்ட மதிப்பீட்டுச் சீட்டும் படங்களும் கையில் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். பெட்டியைக் கொடுத்தபின் நினைவு வந்து பயனில்லை.

கும்பகோணம் வாசகி: வெற்றிலை, மல்லிகை, மட்டைத் தேங்காய் கொண்டுவரட்டுமா?

வேண்டவே வேண்டாம். இலை, பழம், விதை எதற்கும் முன் அனுமதி கேட்பார்கள். பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுனில், லிட்டில் இந்தியா பகுதியில் கட்டிய பூவும் வெற்றிலையும் கிடைக்கும். உங்கள் வீட்டுப் பருப்புத்தேங்காய்க் கூட்டைக் கொண்டுவாருங்கள். பாகு இங்கே காய்ச்சிக்கொள்ளலாம்.

சேலம் வாசகர்: மொய் ரூபாயிலா, ரிங்கிட்டிலா?

ரிங்கிட்டில்தான். உறையில் போட்டு, வெளியே பெயர் எழுதிக் கொடுங்கள். நூற்றொன்று வைக்க ஒரு ரிங்கிட் தாள் வேண்டும். சில்லறை மாற்றும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

திருநெல்வேலி வாசகர்: கல்யாணம் முடிந்து நான்கு நாள் இருக்கிறது. கோலாலம்பூர், கெந்திங், லங்காவி எல்லாம் பார்த்துவிடலாமா?

பார்க்கலாம், கார் ஜன்னல் வழியாக. கல்யாண அலுப்போடு நான்கு நாளில் மூன்று ஊர் என்பது பெட்டி கட்டிப் பெட்டி அவிழ்க்கும் வேலை. வடக்கிலேயே இருங்கள். ஜார்ஜ் டவுன் 2008 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. குவீன் தெரு மாரியம்மன் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், சீனர் கோயில்கள் எல்லாம் நடந்தே சுற்றும் தொலைவு.

ஒரு நாளை மட்டும் எனக்காகப் பக்கத்து மாநிலமான கெடாவுக்குக் கொடுங்கள். பாலம் தாண்டி மெர்போக் பக்கம் போனால் பூஜாங் பள்ளத்தாக்கு. 1025-இல் ராஜேந்திர சோழனின் படை தாக்கிய கடாரம் இந்தக் கெடா வட்டாரம்தான் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. அருங்காட்சியகத்துக்குப் பின்னால் புக்கிட் பத்து பஹாட் கோயிலின் அடித்தளம் கருவறையும் மண்டபமுமாக நிற்கிறது. மரத்தூண்களும் கூரையும் போய்விட்டன. தூண் நட்ட கற்கள் மட்டும் வரிசையாக இருக்கின்றன. அந்தப் பள்ளத்தாக்கில் பௌத்தச் சின்னங்களும் கிடைத்திருப்பதால், எல்லாம் சோழர் கட்டியது என்று பிள்ளைகளிடம் அளக்காதீர்கள். கெந்திங்கின் சூதாட்டக் கூடத்தைவிட இது எவ்வளவோ மேல்!

ஈரோடு வாசகி: அம்மாவுக்கு முழங்கால் வலி. பத்துமலை ஏறாமல் முருகனைப் பார்க்க வழி உண்டா?

கோலாலம்பூர் அருகே இருக்கும் பத்துமலையில் 272 படி. இங்கே தண்ணீர்மலையிலோ ஐந்நூறுக்கு மேல். அம்மாவை பினாங்கு மலை ரயிலில் ஏற்றிவிடுங்கள். உச்சியிலேயே அருளொளித் திருமுருகன் கோயில் இருக்கிறது. பூசத்தை ஒட்டி வந்தால் ரதம் போகும் வழியில் அறை எடுக்காதீர்கள். சாலை அடைபட்டுவிடும், உடைத்த தேங்காய் மலைபோல் கிடக்கும். பூசம் பார்க்கவே வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது, அது வேறு.

கோவை வாசகர்: அப்படியே சிங்கப்பூர் போய்வரலாமா?

அதற்குத் தனி விசா வேண்டும், ஊரிலிருந்தே எடுத்துவாருங்கள். மலேசியாவுக்குத் திரும்பும்போது வருகை அட்டையை மறுபடி நிரப்ப வேண்டும்.