ஸ்டார்ட் செய்வதற்கு முன் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள்: பழைய நேக்கட் பைக் கேள்வி பதில்

பழைய நேக்கட் பைக் (எஞ்சினை மூடும் பிளாஸ்டிக் கவசம் இல்லாத பைக்) வாங்குவது, வைத்திருப்பது பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் மெக்கானிக் அல்ல. பாதி ஞாயிற்றுக்கிழமைகளைப் பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கழித்தவன், அவ்வளவுதான். இதுவரை மூன்று வண்டிகள் வாங்கியிருக்கிறேன்: 2014 கேடிஎம் 390 டியூக், 2017 மாடல் இன்னொரு டியூக், இப்போது ஓட்டும் 2018 கவாஸாக்கி இசட்900. மூன்றுமே பழையவை. முதல் வண்டியில் ஏமாந்தேன், மூன்றாவதில் ஏமாறவில்லை. நடுவில் கற்றதைத்தான் சொல்கிறேன்.

கேள்வி (திருப்பூர், பின்னலாடை நிறுவன ஊழியர்): 2019 டியூக் 390 ஒன்று பார்க்கப் போகிறேன். 21,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். வண்டியைச் சுற்றி வருவதற்கும் விலை பேசுவதற்கும் முன்னால் அதைச் செய்யுங்கள். "காலை 7 மணிக்கு வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவையுங்கள். போனதும் எஞ்சின் பக்கவாட்டில் கையை வையுங்கள். சில்லென்று இருந்தால் நல்லது. வெதுவெதுப்பாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

காரணம் இருக்கிறது. இந்த வண்டியில் 373 சிசிக்கு ஒரே சிலிண்டர்தான், பிஸ்டனின் விட்டம் 89 மில்லிமீட்டர். அதன் நோய்கள் பெரும்பாலும் குளிர்ந்திருக்கும்போதுதான் வாய் திறக்கும். ஸ்டார்ட் ஆனதும் டைமிங் செயின் ஓரிரு விநாடி கடகடத்து அடங்கினால் பயமில்லை. அடங்காமல் தொடர்ந்தால் அந்தச் செயினையோ, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையோ மாற்றும் வேலை வரும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. காலைக் குளிரில் முதலில் கொஞ்சம் வெள்ளைப் புகை வருவது சகஜம். எஞ்சின் சூடான பிறகும் அது நிற்காமல், இனிப்பான வாடையோடு வந்தால் கூலன்ட் எரிகிறது, ஹெட் பேக்கிங் போயிருக்கிறது. ஆயில் கண்ணாடியையும் குனிந்து பாருங்கள். பால் விட்ட டீ நிறத்தில் ஆயில் தெரிந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

என் முதல் டியூக்கை விற்றவர் டீக்கடை வாசலுக்கே வண்டியை ஓட்டி வந்தார். "உங்களுக்கு எதற்கு அலைச்சல்" என்றார். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலை என் வீட்டு வாசலில் ஸ்டார்ட் செய்தபோது தையல் இயந்திரத்தில் ஊசி உடைந்தது போன்ற சத்தம். இரண்டே வாரத்தில் கூலன்ட் டப்பா காலி.

பிறகு முன் ஃபோர்க். பிரேக்கைப் பிடித்தபடி நான்கைந்து முறை ஹேண்டிலை அழுத்திவிட்டு, பளபளக்கும் குழாயில் விரலால் தடவுங்கள். ஆயில் வளையம் ஒட்டினால் சீல் போயிருக்கிறது. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்தது போல நின்றால் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் பேரிங், தேய்ந்திருக்கிறது. பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசிப் பல்லில் செயினைப் பிடித்து வெளியே இழுங்கள். பாதிப் பல் தெரியும் அளவுக்கு வந்தால் செயின் செட்டும் மாற்ற வேண்டும். இவை எல்லாம் சரிசெய்யக்கூடியவைதான். விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (சென்னை, வேளச்சேரி): விலை மிகவும் குறைவாகச் சொல்கிறார். வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்கள் பகுதியில் கேட்க வேண்டிய கேள்விதான். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அங்கே எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. வெளியே பாலிஷ் போட்டுவிடுவார்கள், ஆகவே சீட்டைக் கழற்றுங்கள். பேட்டரிக்குப் பக்கத்தில் வயர்கள் சேரும் பிளக் ஒன்றை, விற்பவரின் அனுமதியோடு, பிரித்துப் பாருங்கள். உள்ளே செம்புக் கம்பி பச்சை பூத்திருக்கிறதா? மூலையில் மாவு போன்ற நுண்ணிய வண்டல் இருக்கிறதா? மழையில் மட்டும் நனைந்த வண்டியில் இவை இரண்டும் சேர்ந்து இருப்பது அரிது. தண்ணீரில் நின்ற வண்டியில் இருக்கும். இந்தப் பைக்குகளில் பெட்ரோல் இன்ஜெக்டர் முதல், பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் வரை எல்லாம் மின்கம்பி வழியாகப் பேசிக்கொள்பவை. அந்தப் பேச்சில் குழறல் வந்தால் எந்தப் பட்டறையும் ஒரே நாளில் கண்டுபிடிக்காது. அந்த மலிவு விலை நமக்கு வேண்டாம்.

கேள்வி (மதுரை): டியூக் ஓட்டி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இசட்900 வாங்கினால் 2018 மாடலா, 2020-க்குப் பிறகா?

பணம் இருந்தால் 2020-க்குப் பிறகு வந்ததை வாங்குங்கள். பிஎஸ்6 புகை விதிக்கு ஏற்ப வந்த மாடலில்தான், சக்கரம் வழுக்காமல் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் மழைக்கான மோடும் வந்தன. முந்தையதில் 948 சிசி, நான்கு சிலிண்டர், 125 குதிரைத்திறன் அப்படியே உங்கள் வலது மணிக்கட்டில் இருக்கும். நடுவில் யாரும் தடுக்க மாட்டார்கள். நான் பழைய மாடலைத்தான் வைத்திருக்கிறேன், விலைதான் காரணம். மழை நாளில் சாலையில் மணல் கிடந்தால் இரண்டு கியர் மேலே வைத்து, பூனை போலப் போவேன். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் அப்படித்தான் ஏறினேன். டியூக்கில் அதே மலையை விளையாட்டாக ஏறியிருக்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேகம் வேறு, சுகம் வேறு. 210 கிலோ வண்டியை முதல் கியர் வளைவில் திருப்பிப் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

கேள்வி (காரைக்குடி): மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?

டியூக் 25-ஐ ஒட்டி, இசட்900 18-ஐ ஒட்டி. இந்தக் கேள்வி மனத்தை உறுத்தினால் இரண்டும் வேண்டாம்.

கேள்வி (கோயம்புத்தூர், சாய்பாபா காலனி): டயரில் பட்டன் நன்றாக இருக்கிறது, மாற்ற வேண்டாம் என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பட்டனைப் பார்க்காதீர்கள், தேதியைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. ஐந்தாறு ஆண்டு தாண்டிய டயர், வெயிலில் நின்ற வண்டியில், கருங்காலிக் கட்டை போல இறுகிவிடும். நகத்தால் அழுத்தினால் தெரியும்.

இதை நான் மேட்டுப்பாளையம் சாலையில் கற்றேன். என் இரண்டாவது டியூக் குறைவாக ஓடிய வண்டி, டயர் புதிது போலவே இருந்தது. முதல் தூறல் விழுந்து சாலை எண்ணெய்ப் பசையோடு மின்னிக்கொண்டிருந்தது. ரவுண்டானாவில் நான் சாய்ந்தது கொஞ்சம்தான். முன் சக்கரம் சத்தமே இல்லாமல் நழுவியது. நான் உட்கார்ந்த நிலையிலேயே சாலையில் வழுக்கிப் போய், ஒரு இளநீர் வண்டிக்கு முன்னால் நின்றேன். இளநீர்க்காரர் முதலில் சொன்னது, "டயரைப் பாருங்கள் சார், ஓட்டை வாளி மாதிரி வெடித்திருக்கிறது." பள்ளங்களுக்கு நடுவில் மயிரிழை வெடிப்புகள். வாங்கும்போது நான் கவனிக்காததை அவர் பத்து அடி தூரத்திலிருந்து பார்த்துவிட்டார்.

இசட்900-க்கு ஜோடி டயர் மாற்றினால் கால் இலட்சத்துக்குக் குறையாது. அதை விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். காற்றழுத்தம் முன்னால் 36, பின்னால் 42. காற்றடிக்கும் கடையில் 42 என்று சொன்னால் "வெடித்துவிடும் சார்" என்பார்கள். வெடிக்காது. சொந்தமாக ஒரு அளவுமானி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஓசூர்): பெங்களூரில் கர்நாடகப் பதிவெண் வண்டி 40,000 ரூபாய் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

அந்த 40,000 உங்கள் கையில் தங்குமா என்று பாருங்கள். 12 மாதங்களுக்கு மேல் தமிழ்நாட்டில் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. அதற்கு அங்கிருந்து தடையின்மைச் சான்று, அதாவது படிவம் 28. இங்கே வண்டியின் வயதுக்கேற்ப வரி. அங்கே கட்டிய ஆயுள் வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் அது பொறுமையைச் சோதிக்கிற வேலை. நீங்கள் ஓசூர்க்காரர், நாற்பது கிலோமீட்டரில் பெங்களூர், அலையலாம். திருநெல்வேலிக்காரர் என்றால் வேண்டாம் என்பேன்.

வண்டியின் மேல் கடன் இருக்கிறதா என்பதை அரசின் பரிவாகன் தளத்தில் பதிவெண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். வங்கியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்தது என்று காட்டும் படிவம் 35 கையில் வராமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): நான் என் டியூக்கை விற்றுவிட்டேன். வாங்கியவர் ஆறு மாதமாகப் பெயர் மாற்றவில்லை. எனக்கு ஏதாவது சிக்கல் வருமா?

வரும். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வெள்ளைத் தாளில் எழுதி வாங்கிய கையெழுத்து உங்களைக் காப்பாற்றாது. நாளையே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய் விற்பனையை எழுத்தில் தெரிவித்து, ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கியவரையும் இழுத்துக்கொண்டு போங்கள். இனி விற்பவர்களுக்கு: பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்தாகி, கட்டணமும் கட்டிய பிறகு சாவியைக் கொடுங்கள்.

வாங்குபவர்கள் இன்சூரன்ஸை 14 நாட்களுக்குள் தங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் தள்ளுபடி) அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது. 350 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு 2022-இல் நிர்ணயித்தபடி ஆண்டுக்கு 2,804 ரூபாய், வரி தனி. அதை மட்டும் போட்டுவிட்டு இசட்900 ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நின்ற இடத்தில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து விழுந்தாலே செலவு என்ன என்று அவர்களைக் கேளுங்கள்.

கேள்வி (சென்னை, அம்பத்தூர்): சிக்னலில் நின்றால் தொடை வேகிறது. இது கோளாறா?

கோளாறு இல்லை. ரேடியேட்டர் விசிறி வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். மே மாதப் பாடி மேம்பாலத்தடியில் நான்கு சிலிண்டரோடு நிற்பது ஒரு தவம். விசிறி ஓடாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். அதனால் வாங்கும்போதே, ஓட்டிப் பார்த்து வந்ததும் அணைக்காமல் அப்படியே ஓடவிட்டு, விசிறி சுற்றும்வரை காத்திருங்கள். அவசரப்படுத்துகிற விற்பவர் இருந்தால் இன்னும் கொஞ்சம் காத்திருங்கள்.

கேள்வி (சேலம், ஒரு தாய்): என் மகனுக்கு 19 வயது. பழைய இசட்900 கேட்கிறான். அவன் அப்பா சம்மதித்துவிட்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. நம் நாட்டில் 18 வயதில் கியர் வண்டி உரிமம் வாங்கிவிட்டால் 100 சிசியும் ஓட்டலாம், 1000 சிசியும் ஓட்டலாம். ஐரோப்பிய நாடுகளில் இந்த வயதுக்கு ஏ2 என்று ஒரு படி வைத்திருக்கிறார்கள். 35 கிலோவாட்டுக்கு மேல் தொடக்கூடாது. டியூக் 390 அதற்குள் அடங்கும். இசட்900-இன் திறன் 92 கிலோவாட். அங்கே உங்கள் மகனுக்கு இந்த வண்டியை முழுத் திறனோடு ஓட்ட அனுமதியே கிடைக்காது.

தம்பியிடம் இதைச் சொல்லுங்கள்: இரண்டு ஆண்டு டியூக் 390, அதுவும் ஏபிஎஸ்ஸை அணைக்காமல். வண்டியின் விலையில் ஒரு பகுதியை முதலிலேயே எடுத்து நல்ல ஹெல்மெட், கவச ஜாக்கெட், கையுறை, கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ் வாங்குங்கள். அவற்றை வாங்க முகம் சுளித்தால் வண்டியும் இல்லை என்று சொல்லுங்கள். நான் இளநீர் வண்டிக்கு முன்னால் எழுந்து நின்றது ஜாக்கெட் புண்ணியத்தில்தான். அப்பாவையும் இதைப் படிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (திருப்பூர், மீண்டும்): நீங்கள் சொன்னபடி இன்று காலை 7 மணிக்குப் போனேன். எஞ்சின் சூடாக இருந்தது. "இப்போதுதான் பெட்ரோல் போட்டு வந்தேன்" என்றார். டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன், அடியில் கொஞ்சம்தான் இருந்தது. இப்போது என்ன செய்வது?

மூடியைத் திறந்தீர்களே, அது எனக்கே தோன்றியிருக்காது. வண்டி கெட்டது என்று இதை வைத்தே முடிவு கட்ட வேண்டாம். பேட்டரி இறங்கியிருக்கும் என்று பயந்து ஸ்டார்ட் செய்திருக்கலாம். அடுத்த ஞாயிறு சொல்லாமல் போங்கள், ஆறரைக்கே. அன்றும் சூடாக இருந்தால், அவினாசியில் ஒரு 2020 மாடல் விற்பனைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டேன், அதைப் போய்ப் பாருங்கள்.