பழைய ஜீப்புக்குப் புதிய பாடி: துளைகள் பொருந்தாதபோது என்ன செய்வது?

பர்மாவின் மோல்மீனிலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார். அவருடைய பாட்டனார் விட்டுச்சென்ற வில்லிஸ் எம்.பி. ஜீப், பதிவுப் புத்தகத்தின்படி 1944ஆம் ஆண்டு வண்டி. பாடி முழுவதும் இற்றுப்போய்விட்டதால், பழைய அமைப்பின்படியே பிலிப்பைன்ஸில் புதிதாகச் செய்யப்படும் பாடி ஒன்றைத் தாய்லாந்து வழியாக வரவழைத்திருக்கிறார். அதை வண்டியின் அடிச்சட்டமான சேஸியின் மேல் வைத்தபோது முன்பக்கத் துளைகள் பொருந்திவிட்டன. பின்பக்கத்தில் இரண்டு துளைகள் அரை அங்குலம் விலகி நிற்கின்றன. பானெட்டை மூடினால் அதன் இடப்பக்கப் பின்மூலை பாடியில் உரசுகிறது. சேஸியில் உள்ள தாங்கிகளை வெட்டி நகர்த்திப் பற்றவைத்துவிடலாம் என்கிறார் பட்டறைக்காரர். அப்படிச் செய்யலாமா, பாடியோடு வந்த சாம்பல் நிற அடிப்பூச்சான பிரைமரின் மேலேயே பச்சைப் பெயிண்ட் அடிக்கலாமா, மழைக்கு முன் வேலையை முடிக்க முடியுமா என்று கேட்கிறார்.

ஐயா, சேஸியில் யாரும் இப்போது கைவைக்க வேண்டாம். பாடி என்பது மாற்றக்கூடிய பாகம். ஆனால் அச்சுகள், ஸ்பிரிங்குகள், ஸ்டீயரிங், இஞ்சின் ஆகிய அனைத்தும் தங்கள் இடத்தைச் சேஸியிலிருந்துதான் பெறுகின்றன. பொருந்தாத பாடிக்காகச் சேஸியின் தாங்கியை நகர்த்தினால், சேஸி வளைந்திருக்கும் பட்சத்தில் அந்த வளைவை நிரந்தரமாக்கிவிடுவீர்கள். சேஸி நேராக இருக்கும் பட்சத்தில் சரியான ஒன்றைக் கெடுத்திருப்பீர்கள். இரண்டில் எதுவாயினும் நட்டம் உங்களுக்குத்தான். நேராக இருப்பது எது, கோணலாக இருப்பது எது என்று தெரிந்த பிறகே வெட்டுவதைப் பற்றிப் பேச வேண்டும்.

முதலில் வண்டியும் பாடியும் ஒரே இனம்தானா என்று உறுதிசெய்யுங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் நம் நாட்டில் தங்கிவிட்ட ஜீப்புகள் பல கைகள் மாறி, ஒன்றின் உறுப்பு மற்றொன்றுக்குப் போய்க் கலந்துபோனவை. புத்தகத்தில் எழுதியிருப்பதை மட்டும் நம்பக் கூடாது. ரேடியேட்டருக்குக் கீழே சேஸியின் இரண்டு நீளச் சட்டங்களையும் இணைக்கும் முன்குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் அது வில்லிஸ் எம்.பி.; கவிழ்த்த பெட்டிபோல் தட்டையான பக்கங்களோடு இருந்தால் போர்டு நிறுவனம் செய்த ஜி.பி.டபிள்யூ. இதனால் பாடிக்குச் சிக்கல் வராது, ஏனெனில் 1944இன் தொடக்கம் முதல் இந்தியானா மாநிலத்தின் கானர்ஸ்வில்லில் இருந்த அமெரிக்கன் சென்ட்ரல் நிறுவனம் இரண்டு வண்டிகளுக்கும் ஒரே கூட்டுப் பாடியைச் செய்து கொடுத்தது. ஆனால் பின்பக்கத் தகடு கதவுபோல் கீழே திறக்கும்படி இருந்தால், உங்களுக்கு அனுப்பப்பட்டது போருக்குப் பிந்தைய சி.ஜே.-2ஏ வகைப் பாடி. அதை உங்கள் சேஸியோடு சண்டை போடவைப்பதைவிட விற்றவரிடமே திருப்பித் தருவது நல்லது. இந்தியாவின் மகிந்திரா ஜீப்புகளின் பாகங்களையும் சிலர் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அவற்றுக்கு மூலமான சி.ஜே.-3பி, உயரமான ஹரிக்கேன் இஞ்சினுக்காகப் பானெட்டை உயர்த்திக் கட்டிய வண்டி, ஆகவே அதன் முன்பக்கத் தகடுகள் எதுவும் உங்களுக்குப் பயன்படா.

இனம் சரியாக இருக்குமானால், துளைகள் எந்தத் திசையில் விலகியிருக்கின்றன என்பதே அடுத்த கேள்வி. உங்கள் கடிதத்தில் இது மட்டும் இல்லை. இரண்டு பின்துளைகளும் பக்கவாட்டில் ஒரே பக்கமாக விலகியிருந்தால், பாடி சேஸியின் மேல் சற்றே திரும்பி உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். சேஸியின் இரு சட்டங்களுக்கும் இடையே உள்ள அகலம் குறைவு, நீளமோ அதிகம். ஆகவே முன்போல்ட்டுகள் தங்கள் துளைக்குள் 2 மில்லிமீட்டர் நகர்ந்திருந்தாலே பின்பக்கத்தில் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் விலகல் வந்துவிடும். இரண்டும் ஒரே அளவில் பின்னோக்கி அல்லது முன்னோக்கி விலகியிருந்தால், பாடியின் அடியில் உள்ள தாங்கிகள் தொழிற்சாலையிலேயே தவறான இடத்தில் பற்றவைக்கப்பட்டிருக்கலாம். ஒன்று முன்னோக்கியும் மற்றொன்று பின்னோக்கியும் விலகியிருந்தால் சேஸியைத்தான் சந்தேகிக்க வேண்டும்: எப்போதோ ஒரு மூலையில் அடிபட்டு, ஒரு பக்கச் சட்டம் மற்றதைவிடப் பின்தள்ளப்பட்டு, செவ்வகம் சாய்ந்த இணைகரமாகியிருக்கும். பானெட்டின் ஒரு மூலை மட்டும் உரசுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால் இதையே முதலில் சோதிக்கச் சொல்வேன்.

சோதனைக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. பாடியை இறக்கிவிட்டு, சமமான சிமெண்ட் தரையில் சேஸியை நான்கு ஸ்டாண்டுகளின் மேல், ஸ்பிரிங் தாங்கிகளுக்கு அருகில், ரசமட்டம் பார்த்து நிறுத்துங்கள். ஸ்பிரிங் தாங்கிகளின் போல்ட் மையங்களிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் புள்ளியிட்டு, எதிரெதிர் மூலைகளுக்கு இடையிலான இரண்டு குறுக்களவுகளையும் ஒப்பிடுங்கள். வேறுபாடு 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. 6 மில்லிமீட்டரைத் தாண்டினால் சேஸியை நேராக்காமல் பாடியைத் தொடவே கூடாது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம் 80 அங்குலம், அதாவது 2032 மில்லிமீட்டர். சக்கரங்களோடு வண்டி நிற்கும்போது இதை இரு பக்கமும் தனித்தனியே அளந்து பாருங்கள். சட்டங்கள் முறுக்கிக்கொண்டிருக்கின்றனவா என்று அறிய, முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு நேரான கம்பிகளைக் குறுக்கே வைத்து, ஒன்றின் மேல்விளிம்பிலிருந்து மற்றொன்றைக் கண்மட்டத்தில் பாருங்கள். முறுக்கு இருந்தால் இரண்டு கம்பிகளும் இணையாகத் தெரியா. கம்பி பிரஷால் துருவைச் சுரண்டி, ஸ்டீயரிங் பெட்டி பொருத்தப்பட்டிருக்கும் இடம், முன்குறுக்குச் சட்டத்தின் இணைப்பு, பின்னால் இழுவைக் கொக்கி இருக்கும் இடம் ஆகிய மூன்றிலும் வெடிப்பு உண்டா என்று நிதானமாகத் தேடுங்கள். 1970 டிசம்பர் வரை பர்மாவில் வாகனங்கள் சாலையின் இடப்பக்கம் ஓடியதால், உங்கள் ஜீப்பின் ஸ்டீயரிங்கை யாரேனும் வலப்பக்கம் மாற்றி மீண்டும் இடப்பக்கம் கொண்டுவந்திருக்கவும் கூடும். அப்படியானால் தேவையற்ற துளைகளும் பழைய பற்றவைப்புகளும் இருக்கும், அங்கேதான் சட்டம் பலவீனப்பட்டிருக்கும்.

சேஸி நேர் என்று தெரிந்த பிறகு பாடியை மீண்டும் ஏற்றுங்கள். இந்த முறை எந்தப் போல்ட்டையும் இறுக்க வேண்டாம். புதிய பாடிகள் மெல்லிய தகட்டால் ஆனவை. கால் வைத்து ஏறும் திறப்புகளில் கதவு கிடையாது என்பதால், சேஸியோடு இறுகப் பிணைக்கும்வரை அவை எளிதில் முறுக்கிக்கொள்ளும். அந்தத் திறப்புகளின் குறுக்கே ஆதாரக் கம்பி கட்டி அனுப்பியிருந்தால் அதைக் கடைசிவரை கழற்றாதீர்கள். தாங்கிகளுக்கும் சட்டத்துக்கும் இடையே வைக்க வேண்டிய பட்டைகளை எல்லா இடத்திலும் வைத்த பிறகு, இஞ்சினுக்குப் பின்னால் உள்ள முன்சுவர்ப் பக்கத்துப் போல்ட்டுகளை விரலால் திருகும் அளவுக்கு மட்டும் பிடித்து, பின்பக்கத்தை அதுவாக உட்காரவிடுங்கள். பிறகு கிரில், இரண்டு மட்கார்டுகள், பானெட், காற்றுத்தடுப்புக் கண்ணாடிச் சட்டம் ஆகியவற்றை, இவையும் தளர்வாகவே, பொருத்துங்கள். கிரில் சேஸியிலும், பானெட் பாடியிலும் மாட்டப்பட்டிருக்க, மட்கார்டுகள் இரண்டையும் பிணைக்கின்றன. ஆகவே பானெட் உரசுவதன் காரணம் பானெட்டில் இருப்பது அரிது. உரசும் மூலைக்கு அருகில் உள்ள பாடித் தாங்கியின் கீழ் மெல்லிய தகட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாகச் செருகியோ எடுத்தோ, இடைவெளி இரு பக்கமும் ஒன்றாகும்வரை முயலுங்கள். இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும். ஒரு முழு நாள் போனாலும் அது வீண் நாள் அன்று.

தகடுகள் இணங்கிய பிறகும் பின்துளைகள் விலகியே நின்றால், திருத்தம் பாடியில்தான் செய்யப்பட வேண்டும். 3 அல்லது 4 மில்லிமீட்டர் விலகலுக்குப் பாடித் தாங்கியின் துளையை அரத்தால் நீளமாக்கி, மேலே தடித்த அகலமான வாஷர் போடுவது போதும். கேஸ் சுடரால் துளையைப் பெரிதாக்குவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். விளிம்பு கருகி, அங்கிருந்துதான் துரு தொடங்கும். அரை அங்குலம் என்பது அரத்துக்கு உரிய அளவு அன்று. பாடியின் அடித்தாங்கியைப் பிடித்திருக்கும் புள்ளிப் பற்றவைப்புகளைத் துளையிட்டுக் கழற்றி, தாங்கியைச் சேஸியின் துளைக்கு நேராகப் போல்ட்டில் பிடித்துவைத்து, அந்த நிலையிலேயே மீண்டும் பற்றவைக்க வேண்டும். அப்போது பெட்ரோல் டேங்க் வண்டியில் இருக்கக் கூடாது. வெறுமையாகத் தோன்றும் டேங்கில் தங்கிய ஆவி, நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது.

இதே கட்டத்தில் ஸ்டீயரிங் தண்டு, மிதிகள், கியர் நெம்புகோல்கள், ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் உட்காரும் டேங்க் ஆகியவற்றையும் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். ஸ்டீயரிங் தண்டு தரைத்தகட்டின் துளையில் எந்தப் பக்கமும் தொடாமல் நடுவில் போக வேண்டும். தண்டை இழுத்துப் பிடித்துப் பொருத்தினால் ஸ்டீயரிங் பெட்டியின் பேரிங் விரைவில் தேயும். மரைகளையும் கவனியுங்கள்: உங்கள் வண்டி அங்குல மரை வண்டி, புதிய பாடியில் பற்றவைத்திருக்கும் நட்டுகள் மெட்ரிக்காக இருக்கக்கூடும், வலுக்கட்டாயமாகத் திருகினால் இரண்டும் கெடும்.

அனைத்தும் பொருந்திய பிறகு, எந்தத் தாங்கியில் எத்தனை தகட்டுத் துண்டு என்று எழுதிவைத்துக்கொண்டு முழுவதையும் கழற்றுங்கள். பெயிண்ட் வேலை அதன் பிறகுதான்.

பாடியோடு வந்த பிரைமர் பயணத்தின்போது துரு ஏறாமல் இருக்க அடிக்கப்பட்டது. அது ஈரத்தை உறிஞ்சும், அதன் மேல் அடிக்கும் பெயிண்ட் சில மழைகளில் கொப்பளிக்கும். அதை முழுவதும் நீக்கி, வெறும் இரும்பின் மேல் எப்பாக்ஸி பிரைமர் அடித்து, தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் ஒவ்வொரு மூட்டிலும் சீலர் பூசி, அதன் பிறகே பச்சை நிறத்துக்குப் போங்கள். பழைய பாடிகளைக் கொன்றது வெளியே தெரியும் தகடு அன்று. தரைக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் தொப்பி வடிவக் குழல்களுக்குள் அந்தக் காலத்தில் மரக்கட்டை வைத்திருந்தார்கள். அது நனைந்து உலராமல் கிடந்து இரும்பை உள்ளிருந்தே தின்றது. டேங்க் உட்காரும் பள்ளமும் அப்படித்தான்: அதன் வடிகால் துளை சேற்றால் அடைபட்டால் அது தண்ணீர்த் தொட்டியாகிவிடும். உண்மைத் தோற்றத்துக்காக மரம் வைக்க விரும்பினால், உங்கள் ஊரில் கிடைக்கும் தேக்கையே வையுங்கள். ஆனால் அதில் இயல்பாக உள்ள எண்ணெயைத் தின்னரால் துடைத்துவிட்டு, ஆறு பக்கமும் வார்னிஷ் ஏற்றிய பிறகே உள்ளே வைக்க வேண்டும். பெயிண்ட் காய்ந்தபின் குழல்களுக்குள் மெழுகுக் கலவையைப் பீய்ச்சியடியுங்கள்.

மழையைப் பொறுத்தவரை என் கருத்து தெளிவானது. ஆண்டுக்கு 4500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் மோல்மீனில், மே மாத நடுவிலிருந்து அக்டோபர்வரை திறந்த கொட்டகையில் பெயிண்ட் அடிக்கக் கூடாது. காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டும்போதும், தகட்டின் வெப்பம் பனி படியும் நிலையைவிட 3 டிகிரியாவது அதிகம் இல்லாதபோதும், கண்ணுக்குத் தெரியாத ஈரம் பெயிண்டுக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். மழைக்காலத்தைச் சேஸி அளவெடுக்கவும் பாடியைப் பொருத்திப் பார்க்கவும் பயன்படுத்திக்கொண்டு, நவம்பருக்குப் பின் பெயிண்டைத் தொடங்குங்கள். அதுவரை பழைய பிரைமரைச் சுரண்டாமல் விட்டுவையுங்கள்.

மீண்டும் பூட்டும்போது, பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். உங்கள் வண்டி 6 வோல்ட். சிறு தடையும் விளக்கை மங்கச்செய்து ஸ்டார்ட்டரைத் திணறவைக்கும். பாட்டரியின் எர்த் கம்பி, இஞ்சினையும் சேஸியையும் இணைக்கும் பட்டை, பாடியையும் சேஸியையும் இணைக்கும் பட்டை ஆகியவை தொடும் இடங்களில் மட்டும் பெயிண்டைச் சுரண்டி, இரும்பு பளபளக்கும்படி செய்து இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள்.

சேஸி எண்ணைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. வில்லிஸ் வண்டியில் அது முன்பம்பருக்குப் பின்னால் இடப்பக்கச் சட்டத்தின் உட்புறத்தில் சிறு தகட்டில் இருக்கும். போர்டு வண்டியில் இடப்பக்கச் சட்டத்தின் மேற்புறத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். துரு சுரண்டும்போது கிரைண்டர் அந்த இடத்துக்குப் போகக் கூடாது. வேலை தொடங்குமுன் எண்ணைத் தெளிவாகப் புகைப்படம் எடுத்துப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். பழைய பாடியின் டாஷ்போர்டுத் தகடுகள், பின்மூலைக் கருவிப்பெட்டிகளின் மூடிகள், கண்ணாடிச் சட்டத்தின் கீல்கள் ஆகியவற்றைப் புதிய வண்டி சாலையில் ஓடும்வரை பழைய இரும்புக்காரரிடம் போட வேண்டாம். அவற்றின் அளவும் வளைவும் புதியவற்றில் பல நேரம் சரியாக இருப்பதில்லை, அப்போது பழையதையே சுத்தம் செய்து மாட்ட வேண்டியிருக்கும்.