படிப்பில் சேரும்போது ஒரு பெயர், முடிக்கும்போது வேறு பெயர்: அண்ணா பல்கலைக்கழகச் சான்றிதழ் வேலைச் சரிபார்ப்பில் செல்லுமா?

தாராளமாகச் செல்லும். நானும் 2009-ல் சேர்ந்த பேட்ச்தான். நீங்களும் கோவைப் பக்கம் ஏதோ ஒரு இணைப்புக் கல்லூரியில் படித்துவிட்டு, இப்போது ஆஃபர் கையில் இருந்தும் சரிபார்ப்பில் மாட்டிக்கொண்டு நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

என் முதல் செமஸ்டர் மார்க்‌ஷீட்டில் அண்ணா பல்கலைக்கழகம், கோயம்புத்தூர். நடுவில் அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆனது. பட்டத்தில் சென்னை 600 025. கல்லூரி அதே கல்லூரி, கேன்டீன் கூட மாறவில்லை. சரிபார்ப்பு ஏஜென்சியில் இருந்து ஒரு பெண் போன் செய்து, "சார், மூணு யுனிவர்சிட்டி காட்டுது, டிரான்ஸ்ஃபர் சர்டிஃபிகேட் எங்கே?" என்றார். ரிப்போர்ட்டில் 'முரண்பாடு' என்று ஆரஞ்சு நிறத்தில் போட்டும் விட்டார்கள்.

நானும் விடவில்லை, முழு வரலாற்றையும் மெயிலில் எழுதி அனுப்பினேன். 1978-ல் சென்னையின் கிண்டி பொறியியல் கல்லூரி, ஏசி டெக் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி), குரோம்பேட்டை எம்ஐடி, கட்டடக்கலைப் பள்ளி நான்கையும் சேர்த்துத் தொடங்கியபோதே பெயர் பேரறிஞர் அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்தான், 1982-ல்தான் அண்ணா பல்கலைக்கழகம் என்று சுருங்கியது. 2001-ல் மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகளை இதோடு இணைத்தார்கள். 2007-ல் சென்னை, கோவை, திருச்சி, திருநெல்வேலி என்று பிரித்து, பிறகு மதுரையும் வந்தது. ஆட்சி மாறியதும் 2011-ல் சட்டத்தைத் திருத்தி, 2012-ல் எல்லாவற்றையும் மறுபடி சென்னையோடு சேர்த்துவிட்டார்கள். இதில் மாணவன் என்ன செய்ய முடியும்? (2020-ல் மறுபடி இரண்டாக்க மசோதா நிறைவேற்றினார்கள், நல்லவேளை நடைமுறைக்கு வரவில்லை.)

கிண்டிக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். "நீ படிச்சது உண்மையான அண்ணா யுனிவர்சிட்டியே இல்லை" என்று கல்யாண வீட்டில்கூடக் கேட்டாயிற்று. உங்கள் கல்லூரியின் வேர் 1794-ல் தொடங்கிய சர்வே பள்ளிக்குப் போகிறது, மறுக்கவில்லை. ஆனால் என் பட்டத்திலும் அதே முத்திரைதான் இருக்கிறது.

மெயிலை அவர்கள் படித்தார்களா என்றே தெரியவில்லை. வேலையை முடித்துக் கொடுத்தது திருத்தச் சட்டத்தின் அரசிதழ் பிரதியும், கல்லூரி முதல்வர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதமும்தான். நீங்களும் அந்த இரண்டையும் முதலிலேயே இணைத்து அனுப்பிவிடுங்கள், போனில் வாதாடாதீர்கள். அதற்கும் மசியாவிட்டால் பல்கலைக்கழகத்திலேயே உண்மைத்தன்மைச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள்.

அப்புறம் இன்னொன்று, பல்கலைக்கழகப் பிரச்சினை தீர்ந்ததும் அதே ஏஜென்சி என் இனிஷியலைப் பிடித்துக்கொண்டது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறதாம், மார்க்‌ஷீட்டில் ஒற்றை எழுத்துதானாம், இரண்டும் ஒரே ஆள்தானா என்று அஃபிடவிட் கேட்டார்கள். தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும், இதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் எதைத்தான் சரிபார்க்கிறார்களோ.